எருவில்லாத பண்ணை

அறிவுச்செல்விக்குப் பெங்களூரில் என்ன வேலை என்று வெண்ணந்தூர்ப் பக்கம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அணுகுண்டு செய்கிறாள் என்பார்கள் பாதிப் பேர். குண்டு வெடித்தால் ஓடிப்போய் அணைக்கிற வேலை என்று டீக்கடைக்காரர் அடித்துச் சொல்வார். அவருக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் ஏது. பெற்ற தாய் மாரக்காளுக்கே அது பிடிபட வெகுநாள் ஆனது. குண்டெல்லாம் செய்யறதில்லம்மா, எந்த நாட்டுல ஆரு திருட்டுத்தனமாச் செய்யறாங்கன்னு பாத்துச் சொல்றது என்று மகள் விளக்கியபோது, அப்பப் போலீசு வேலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று மாரக்காள் ஒரே போடாகப் போட்டாள்.

உண்மையில் அது வேலைகூட இல்லை. இன்டர்ன்ஷிப். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷத்தில் மாணவர்கள் வெளியே எங்காவது போய்ப் பயிற்சி எடுக்கலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் சேலத்திலேயே ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டார்கள். அறிவுச்செல்வி மட்டும் அணு ஆயுதம் பரவாமல் தடுப்பது பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு மையத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்களும் போனால் போகிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொடுப்பார்கள். இந்தக் கட்டடம் நெல் குடோனா, நூல் மில்லா, ஜெயிலா, இல்லை யுரேனியத்தைச் செறிவூட்டுகிற கூடமா என்று பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். கழியாமல் மிஞ்சுவதைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு போய் இன்னும் பெரியவர்களிடம் காட்டுவார்கள். சித்திரையில் பயிற்சி முடியும்போது ஒரே ஒருவரை உதவி ஆராய்ச்சியாளராக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த வருஷம் பந்தயம் இரண்டு பேருக்குள்தான். ஒன்று அறிவு, இன்னொன்று பிரபாகர் என்ற சென்னைப் பையன்.

அந்த இடம் அவளுக்கு ஏன் வேண்டும் என்றால், அவள் அப்பா மூச்சு விட வேண்டும்.

அப்பா பெரியசாமி, சண்முகவேல் கவுண்டரின் கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது அறிவு கைக்குழந்தை. தீவனம் போடுவது, முட்டை பொறுக்குவது, செத்த கோழியை எடுத்து எறிவது, கூண்டுக்கடியில் எரு வாருவது, எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும். பண்ணைக்குள்ளேயே ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கிறவரை வீடு இருக்கும், அவ்வளவுதான் பேச்சு. அந்த வீட்டுச் சன்னலைத் திறந்தால் கோழி எருவின் நெடி கண்ணைக் கரிக்கும், மூடினால் வெந்து சாக வேண்டியதுதான். இத்தனை வருஷம் அந்தக் காற்றையே உள்ளே இழுத்து இழுத்துப் பெரியசாமியின் நெஞ்சு கெட்டுப்போயிற்று. பத்தடி நடந்தால் நின்றுவிடுவார். சேலத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் அப்புறம், முதலில் அந்த நெடியை விட்டு வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் நான் எழுதிக்கொடுப்பது வீண் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெளியே வருவதென்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். எங்கே போவது?

"வைகாசியில எங்கூட வந்துருங்கப்பா" என்றாள் அறிவு. "ஒரு ரூம் போதும். மாடியில, காத்து வர்ற ரூமாப் பாக்கறனுங்க."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மாரக்காள் ஊரையே கூட்டிவிட்டாள். மகள் அங்கே நிரந்தரமாகிவிட்டாள் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இருந்த வெள்ளாடுகளைக் கெங்கவல்லியில் இருக்கிற தம்பி வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். சண்முகவேலிடமும் வைகாசிக்கு மேல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவரும் வடக்கிலிருந்து ஒரு ஜோடியைப் பேசி முடித்துவிட்டார். இன்னும் எதுவும் முடிவாகலம்மா என்று அறிவு போனில் தலைதலையாய் அடித்துக்கொள்வாள். உனக்குக் கிடைக்காம வேற ஆருக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவாள் தாய்.

கிடைக்கும்போலத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு படம் வந்தது. நீள நீளமாய்க் கூரைகள், பக்கத்தில் உருளை உருளையாய்த் தொட்டிகள். ஆளாளுக்கு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். அறிவு பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, கோழிப்பண்ணைங்க சார், லேயர் செட்டு, முட்டைக்கோழிக் கொட்டகை என்றாள். வெயில் உள்ளே விழாமலிருக்கக் கிழக்கு மேற்காகக் கட்டியிருக்கிறது, காற்றுக்கு இடைவெளி விட்டிருக்கிறது, உருளை தீவனத் தொட்டி. விசாரித்தார்கள், பண்ணைதான். குருமூர்த்தி சார், அவர்தான் அந்தப் பிரிவுக்குத் தலைவர், விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நீளமான கூரை எது வந்தாலும் அறிவிடம் கொடுங்கள் என்று ஆகிவிட்டது. அவள் பண்ணை என்றால் பண்ணை. மறுபடி யாரும் பார்ப்பதில்லை. இந்த நாமக்கல் ஜில்லாக்காரிக்குக் கோழிக் கொட்டகை தெரியாதா என்ன?

அப்படித்தான் மாசி மாதத்தில் ஒரு படத்தைப் பண்ணை என்று கழித்தாள். எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். பொட்டல் காட்டில் வரிசையாக நீளக் கூரைகள், கிழக்கு மேற்காக. ஓரத்தில் உருளைகள், தண்ணீர்த் தொட்டி. பார்த்தவுடனே மனசு துள்ளியது, அட நம்ம ஊர் மாதிரியே என்று. காரணங்களை வரிசையாக எழுதினாள். குருமூர்த்தி சார் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். டெல்லியில் ஒரு கூட்டத்தில் திங்கட்கிழமை அதைப் படிக்கப் போகிறார். அறிக்கையில் அறிவின் பேரும் இருக்கிறது, இது உன் இடத்துக்கும் நல்லது என்று அவரே வாயால் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில்தான் சனி ஞாயிறுக்கு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அவள் வந்த அன்று எரு லாரி வந்து நின்றது. கோழி எருவைக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்கள். பங்குனி வெயிலில் எரு பொடிந்து தூசியாய்ப் பறந்தது. ஆள் பத்தவில்லை என்று பெரியசாமியையும் சட்டியைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து வாரினார், நாலு சட்டிக்கு ஒரு தரம் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார். அறிவு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, வைகாசி வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லாரி கிளம்பிப் போன பிற்பாடு பார்த்தால் முற்றமே கறுத்துக் கிடந்தது. செட்டிலிருந்து பாதை வரைக்கும் சிந்தின எரு, அதன் மேல் டயர் ஓடிய தடம், போன தடவை கொட்டி வைத்த இடத்தில் மண்ணே நிறம் மாறிப்போன திட்டு. மழை பெய்தாலும் போகாது அது. எந்தப் பண்ணையிலும் போகாது. மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று நினைத்தாள். சும்மாதான் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் மாசியில் கழித்த படம் ஞாபகம் வந்தது.

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பொட்டல் காட்டுப் படங்கள் பல வருஷத்துக்கு இருந்தன. கோடையில் எடுத்தது, மழையில் எடுத்தது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிசாக்கிப் பார்த்தாள். ஒரு படத்தில்கூடக் கறுப்பு இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது முற்றம். எரு குவித்த இடம் இல்லை, அள்ளிய தடம் இல்லை, வண்டி வந்துபோன அழுக்கு இல்லை. அத்தனை கூரைக்கடியிலும் கோழி இருந்தால் அது பேளாமலா இருக்கும்?

இது எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியாமலில்லை. நன்றாகத் தெரியும், அதுதான் வேதனை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, உன் துணியில் என்ன நாத்தம் என்று கேட்டாள். அன்றையிலிருந்து அறிவு துணியை இரண்டு தரம் துவைத்தாள், பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டாள், வீடு எங்கே என்று கேட்டால் வெண்ணந்தூர் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பண்ணையைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் கூண்டைச் சொல்வாள், முட்டையைச் சொல்வாள், தீவனத்தைச் சொல்வாள். எருவை மட்டும் சொல்லமாட்டாள். சொல்லாமல் சொல்லாமல் பார்க்கவும் மறந்துபோனாள். அவளுடைய பண்ணையில் எருவே கிடையாது. அதனால்தான் எருவில்லாத ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் பண்ணை என்று எழுதிவிட்டாள்.

சொல்லாமல் விட்டால் என்ன என்ற நினைப்பு வராமல் இருக்குமா, வந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். சொன்னால் அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும், குருமூர்த்தி சார் கையெழுத்துப் போட்டது தப்பென்று ஆகும், அந்தத் தப்பைச் செய்தவளை எவன் வேலைக்கு வைப்பான்? மனசு தாங்காமல் பிரபாகரையே கூப்பிட்டாள். வேறு யாரிடம் பேசினாலும் புரியாது. அவனும் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டுவிட்டு, நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் வாயைத் திறக்காதே என்றான். அவள் சொன்னால் இடம் தனக்கு வரும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னான், பாவம், நல்ல பையன். உங்கப்பாவை நினைச்சுக்கோ என்றும் சொன்னான்.

அப்பா அந்த நேரத்தில்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் முகம் செத்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, வீடு மாற்றுகிற கவலை என்று அவராக நினைத்துக்கொண்டார்.

"பெங்களூர்ல குளிரும்ங்கறாங்களே சாமி" என்றார். "எனக்கு ஒரு மங்கி குல்லா மட்டும் வாங்கி வெச்சிரு. மத்ததெல்லாம் நாஞ் சமாளிச்சுக்குவேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வந்தால் சட்டென்று போகிற இருமலா அது? கண்ணிரண்டும் பிதுங்கிக்கொண்டு வர, கையால் தரையைத் தடவினார். அறிவு முதுகை நீவிவிட்டாள். நீவ நீவ, விலா எலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் முடிவே செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்த முடிவு நின்றது. சோற்றுக்கு உட்கார்ந்தாள். குருமூர்த்தி சார் சபையில் எழுந்து நின்று, இது கோழிப்பண்ணை என்று படிப்பது காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அத்தோடு முடிந்தது, அதற்கப்புறம் அந்த இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே என்ன நடந்தாலும் சரி, அறிவுச்செல்வி சொல்லிவிட்டாள், கோழிதான்.

பண்ணைக்கு வெளியே வந்து, பெரிய ரோட்டோரம் இருந்த வேப்ப மரத்தடியில் நின்று போன் போட்டாள்.

"சார், அது பண்ணை இல்லீங்க."

குருமூர்த்தி சார் ஏர்போர்ட்டில் இருந்தார். எது என்று கேட்டார். சொன்னாள். எருவைப் பற்றி, தடத்தைப் பற்றி, எத்தனை வருஷப் படத்திலும் அது இல்லாததைப் பற்றி எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள்.

"அப்ப அது என்ன?"

"தெரியலீங்க சார். பண்ணை இல்லைங்கறது மட்டுந்தாந் தெரியுது."

"இதை ஏம்மா முதல்லயே பார்க்கலை? உனக்குத் தெரியாத விஷயமா?"

பெஞ்சுப் பிள்ளையையும் பவுடரையும் அவரிடம் எப்படிச் சொல்வது? பார்க்கலீங்க சார், தப்புதானுங்க என்று மட்டும் சொன்னாள். சரி, நான் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

எடுத்தும்விட்டார். அந்த இடம் கழிக்காத கணக்கில் போய்ச் சேர்ந்தது, வேறு ஆட்கள் அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது குண்டு செய்கிற இடமா, பொம்மை செய்கிற இடமா என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. சித்திரையில் குருமூர்த்தி சார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலாம். நீ சொன்னது பெரிய காரியம், வேறொருத்தர் சொல்லியிருக்கமாட்டார், ஆனால் மேலே இருப்பவர்கள் அப்படிப் பார்க்கவில்லை, உன் வார்த்தையை நம்பித்தான் நானும் விட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். இடம் பிரபாகருக்குப் போயிற்று. பிரபாகர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வீட்டில் பொய் சொல்லலாம் என்றுதான் வந்தாள், வாய் வரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மாரக்காள்தான் பிடித்துக்கொண்டாள்.

"எவனோ ஒரு நாட்டுக்காரன் எதையோ செஞ்சாச் செஞ்சுட்டுப் போறான். உனக்கென்னடி வந்துச்சு? உங்கப்பனுக்கு மூச்சு நின்னாப் பரவாயில்லைன்னு போன் போட்டுச் சொன்னியா?"

அம்மா கேட்டதில் தப்பொன்றும் இல்லை. போன் போட்டபோது அறிவு அப்படித்தானே சொல்லியிருக்கிறாள். மாரக்காள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். ஆடும் போயிற்று, வீடும் போகப்போகிறது, வடக்கத்தி ஜோடி வந்து இறங்கினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எந்த மரத்தடிக்குப் போவது என்று கேட்டாள். சேலத்தில், ராசிபுரத்தில், நாமக்கல்லில் அறிவு வேலை கேட்டு ஏறி இறங்காத இடமில்லை. பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வைகாசி அதுவரைக்கும் காத்திருக்குமா?

சண்முகவேல் கெட்ட மனுஷனில்லை. மாரக்காள் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டபோது, எனக்கென்ன உங்க மேல கோவமா என்றார். செட்டில் எனக்கு ரெண்டு பேர் முழுசாக வேலை செய்ய வேண்டும், பெரியசாமி இனி ஆகமாட்டான், உன் ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டார். நியாயம்தான். மாரக்காள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்து பெரியசாமி எழுந்தபோது மகளைக் காணவில்லை. குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தார். வெயில் ஏறியும் வரவில்லை. செட்டுப் பக்கம் சட்டி உரசுகிற சத்தம் கேட்டது. தடியை ஊன்றிக்கொண்டு, நின்று நின்று, அங்கே போய்ச் சேர்ந்தார். கூண்டுக்கடியில் அவருடைய பழைய துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, தலைமுடியெல்லாம் தூசியாக, ஒருத்தி குனிந்து எரு வாரிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வா சாமி" என்றார் பெரியசாமி. "உன்னப் படிக்க வெச்சது இதுக்கா? நாஞ் சாவறதுக்கு முந்தி இதையும் நாம் பாக்கோணுமா?" நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் உள்ளே வைத்தார்.

அறிவு சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். நெஞ்சில் கை வைத்து அவரை வாசலுக்கு வெளியே தள்ளினாள், கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டாள். துண்டை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க உள்ள வராதீங்கப்பா. முதலாளிகிட்டச் சொல்லிட்டனுங்க, அம்மாகூட இனி ரெண்டாவது ஆளு நாந்தான். நீங்க இனி இங்க வேலைக்காரரில்லீங்க."